யாருடைய மோதிரம்?

பாட்டி இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இரண்டு சேலைகள், ஒரு மோதிரம், நகைக்கடனுக்கு வட்டி கட்டிய நான்கு ரசீதுகள். மோதிரத்தில் ஒற்றை வெள்ளைக் கல். கல்லுக்கு அடியில் தங்கம் மூடியிருந்தது. இன்றைய நகைக்கடைக்காரர்கள் 'குளோஸ் செட்டிங்' என்பார்கள். நான்கு ரசீதுகளும் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் பொருள் ஒன்றுதான்: 'கல் மோதிரம் 1'. எடையும் ஒன்றுதான். கடன் வாங்கியவர் பெயரும் ஒன்றுதான். அது தாத்தாவின் பெயர். ஒரு ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் வட்டிக் கணக்கு போடப்பட்டிருந்தது. அது பாட்டியின் கையெழுத்து. வட்டியைக் கட்டியவர், முதலைச் சேர்த்து மீட்டவர் எல்லாம் பாட்டிதான் என்று அம்மா சொன்னார். பால் விற்ற காசு.

பழைய மோதிரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். பழம்பொருள் விற்பவர்களுக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. ஜார்ஜியன் மோதிரம், விக்டோரியன் மோதிரம், எட்வர்டியன் மோதிரம் என்று பிரிட்டனில் யார் ஆண்டார்களோ அவர்கள் பெயரால் மோதிரத்தைப் பிரித்துவிடுவார்கள். பிறகு கல்லை எப்படிப் பட்டை தீட்டினார்கள், எப்படிப் பதித்தார்கள், எந்த உலோகம் என்று விவரிப்பார்கள். எல்லாம் சரியான தகவல்கள்தான். ஆனால் அந்த மோதிரம் யார் விரலில் இருந்தது, அதை விற்கும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வி அந்தப் புத்தகங்களில் அநேகமாக வருவதில்லை. இங்கிலாந்தின் மோதிரங்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, இங்கிலாந்தின் சட்டங்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரை.

ரோமிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் கல்யாண மோதிரத்தின் கதையை எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் தன் காலத்திலும் இருந்ததாக முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார். கல் இல்லாத வெறும் இரும்பு. ஒப்பந்தத்துக்கு முன்பணம் போல. அதே ரோமானியர்களிடம் இன்னொரு மோதிரமும் இருந்தது. வெண்கலத்தில் செய்த வளையத்தோடு சேர்ந்தே ஒரு சின்னச் சாவி நீட்டிக்கொண்டிருக்கும். நகைப்பெட்டியையோ பணப்பெட்டியையோ திறக்கும் சாவி. விரலில் போட்டுக்கொண்டே நடக்கலாம். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் இதைப் பார்க்க முடியும். வீட்டின் சாவி மனைவியிடம் இருப்பது அவளுடைய நிலைக்கு அடையாளம். ஆனால் கணவன் விலக்கும்போது சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வது ரோமானியச் சட்டத்தின் பழைய நடைமுறை. மார்க் ஆண்டனி தன்னோடிருந்த நடிகையை அப்படிச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பினான் என்று சிசரோ தன் பேச்சொன்றில் கேலி செய்கிறார். கேலி ஆண்டனியின் மேல்தான். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போன பெண் எங்கே போனாள் என்பது சிசரோவின் கவலை அல்ல.

அடுத்து எல்லா வைர விளம்பரங்களிலும் வரும் கதை. 1477இல் ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியன் பர்கண்டியின் மேரிக்கு வைர மோதிரம் கொடுத்தான், அதுதான் முதல் வைர நிச்சயதார்த்த மோதிரம் என்பார்கள். முதலா இல்லையா என்பதை விடுங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் மேரியின் தந்தை போரில் இறந்திருந்தார். இருபது வயதில் பெரிய நிலப்பரப்புக்கு ஒரே வாரிசு அவள். பிரான்ஸ் மன்னனின் படை ஒரு பக்கம், அவளைக் கட்டிக்கொள்ள வரிசையில் நின்ற இளவரசர்கள் மறுபக்கம். மோதிரம் வந்தது அந்த நேரத்தில். ஐந்தாண்டுகளில் குதிரையிலிருந்து விழுந்து அவள் இறந்துபோனாள். நிலங்கள் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போயின. காதல் கதையாக விற்கப்படுவது இதுதான்.

அந்தக் காலத்து வைரத்துக்குப் பெரிதாகப் பட்டை கிடையாது. இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியதுபோல் இயற்கையில் கிடைக்கும் வைரத்தை அந்த முனையோடு அப்படியே பதித்தார்கள். பிறகு முனையைத் தேய்த்து மேசைபோல் தட்டையாக்கினார்கள். அதற்கும் பிறகு அடி தட்டையாகவும் மேல்பக்கம் மொட்டுபோல் பல முகங்களோடும் 'ரோஸ் கட்' வந்தது. வைரம் எங்கிருந்து வந்தது? 1720களில் பிரேசிலில் கிடைக்கும்வரை ஐரோப்பியர்களின் விரல்களில் மின்னிய வைரங்களில் பெரும்பாலானவை நம் பக்கத்தவை, கோல்கொண்டா வைரங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தை 17ஆம் நூற்றாண்டில் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, அங்கே ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்ததாக எழுதுகிறார். ஆண்கள் தோண்டினார்கள், பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். பட்டை தீட்டிய ஆம்ஸ்டர்டாமில் சாணைச் சக்கரத்தைக் கையால் சுற்றியவர்களும் பெண்கள்தான், பெரும்பாலும் தொழிலாளிகளின் மனைவிமார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய இடத்துக்குக் குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு குதிரைகளின் இடத்துக்கு நீராவி வந்தது. ரோஸ் கட் மோதிரம் ஒன்றைப் பற்றி ஏல நிறுவனத்தின் பட்டியல் ஒரு பக்கம் எழுதினாலும் இந்தப் பெண்களுக்கு ஒரு வரி இருக்காது. எனக்கென்னவோ இதுதான் அந்த மோதிரத்தின் முதல் பக்கம்.

இனி 18ஆம் நூற்றாண்டின் 'ஜார்ஜியன்' மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மூடியிருக்கும். கல்லைச் சுற்றி உலோகத்தை மடித்து நெருக்கியிருப்பார்கள். கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளப்பான தகடு. வைரமென்றால் வெள்ளித்தகடு, சிவப்புக் கல்லென்றால் செந்நிறம் ஏற்றிய தகடு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கல்லுக்குள் போகும் கொஞ்சம் ஒளியையும் அந்தத் தகடு திருப்பி அனுப்பும். நம் ஊர்க் கெம்புக் கல் நகைகளிலும் இதே தந்திரம்தான். இதில் ஒரு சிக்கல். தண்ணீர் படக் கூடாது. விளிம்பு வழியே ஈரம் புகுந்தால் தகடு கறுத்துவிடும், கல் மங்கிவிடும். இன்றும் ஜார்ஜியன் மோதிரம் வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் சொல்லும் முதல் எச்சரிக்கை, கை கழுவும்போது கழற்றிவிடுங்கள் என்பதே. ஆக, அது தண்ணீரில் வேலை செய்யாத கைக்காகச் செய்த மோதிரம்.

அந்தக் கைக்காவது மோதிரம் சொந்தமாக இருந்ததா? ஆங்கிலத் திருச்சபையின் திருமணச் சடங்கில் மணமகன் மணமகளுக்கு மோதிரம் அணிவிப்பான். அணிவிக்கும்போதே தன் உலகப் பொருள்கள் அனைத்தையும் அவளுக்கு அளிப்பதாக உறுதி சொல்வான். பெண் பதிலுக்கு மோதிரம் கொடுப்பதில்லை. ஆனால் ஆலயத்தைவிட்டு வெளியே வந்ததும் சட்டம் நேர் எதிராக நடந்தது. அவளுடைய பணம், சாமான், பின்னாளில் அவள் சம்பாதிக்கும் கூலி எல்லாம் கணவனுக்கு. கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர், அந்த நபர் கணவன் என்பது 1765இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்ஸ்டனின் சட்ட விளக்கநூல் சொல்லும் கோட்பாட்டின் சாரம்.

நகைக்கு மட்டும் தனி விதி ஒன்று இருந்தது. 'பாராஃபெர்னேலியா' என்ற சொல்லை நாம் இப்போது தட்டுமுட்டுச் சாமான் என்ற பொருளில் கேட்கிறோம். கிரேக்கத்தில் அதன் பொருள் 'சீதனத்துக்கு அப்பால்' என்பது. சீதனமாகக் கணவனிடம் ஒப்படைக்காமல் பெண் தன் கையில் வைத்துக்கொண்ட பொருள். ஆங்கிலச் சட்டம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு அர்த்தத்தைத் திருகியது. மனைவி அணியும் உடையும் நகையும் அவளுடைய 'பாராஃபெர்னேலியா'. கணவன் செத்த பிறகு அவை அவளுக்கு. உயில் எழுதி வேறு யாருக்கும் அவனால் அவற்றைக் கொடுக்க முடியாது. ஆனால் அவன் உயிரோடு இருக்கும்வரை விற்கலாம், யாருக்காவது கொடுக்கலாம். அவன் கடனுக்கு அந்த நகைகளைக் கடன்காரர்கள் கேட்கலாம். அவள் அவற்றை உயிலில் மகளுக்கு எழுதிவைக்க முடியாது. மோதிரம் அவளுடையதுதான், அவன் இறந்த பிறகு, அவன் அதற்குள் விற்காமல் இருந்தால்.

இதனால்தான் அந்தக் காலத்துத் துக்க மோதிரங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். இறப்பவர் தன் நினைவாக மோதிரம் செய்துகொள்ளச் சொல்லி உயிலில் பணம் ஒதுக்குவது இங்கிலாந்தில் நெடுநாள் வழக்கம். ஷேக்ஸ்பியரின் 1616ஆம் ஆண்டு உயிலில் சக நடிகர்கள் மூவருக்கு அப்படி ஒதுக்கியிருக்கிறார். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1703இல் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்கள் வழங்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் கறுப்பு எனாமலில் பெயரும் வயதும் இறந்த தேதியும் எழுதினார்கள். கல்யாணமாகாதவருக்கு வெள்ளை எனாமல். செத்த பிறகும் பெண்ணின் மோதிர நிறம் அவளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்று ஊருக்குச் சொன்னது. ஆணுக்கும் அதே நிறம்தான், ஆனால் கல்யாணம் ஆகாததை அவன்மேல் ஊர் ஒரு குறையாகப் பார்த்ததில்லை. இன்னொன்று, கல்யாணமான பெண் கணவன் ஒப்புதல் இல்லாமல் உயில் எழுத முடியாத காலம் அது. யாருக்கு மோதிரம் கொடுத்து நினைவில் நிற்க வேண்டும் என்று தானே முடிவுசெய்ய முடிந்த பெண்கள் விதவைகளும் மணமாகாதவர்களும்தான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைரத்தின் பின்பக்கம் திறக்க ஆரம்பித்தது. பட்டை தீட்டும் முறை முன்னேறியது. கல்லே ஒளியைத் திருப்பி அனுப்பியதால் தகடு தேவைப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் போக்கில் திறந்த பதிப்பு வழக்கமானது. தங்கத்தின் மாற்றும் குறைந்தது. 1854இல் பிரிட்டன் 15, 12, 9 காரட் தங்கத்துக்கும் சட்ட அனுமதி கொடுத்தது. பர்மிங்ஹாமின் பட்டறைகள் மலிவான மோதிரங்களைக் குவித்தன. மோதிரம் பிரபுக்களின் வீட்டைவிட்டுக் கடைப்பெண்களின் விரலுக்கும் வந்தது. எனக்குப் பிடித்த மாற்றங்களில் இது ஒன்று. பழம்பொருள் ரசிகர்கள் 9 காரட்டைக் கண்டு முகம் சுளிக்கலாம், அது அவர்கள் பாடு.

விக்டோரியா ராணியைப் பற்றி எல்லோரும் சொல்வது அவர் போட்டுக்கொண்ட மரகதம் பதித்த பாம்பு மோதிரம். அவரைப் பார்த்துப் பாம்பு மோதிரம் பெருவழக்கானது. அதிகம் சொல்லாதது, 1839 அக்டோபரில் திருமணப் பேச்சை எடுத்தது அவர்தான் என்பது. ராணியிடம் ஆல்பர்ட் கேட்பது மரபல்ல என்பதால் அவரே கேட்டார். அந்த நாட்டில் கல்யாணத்தால் தன் சொத்தை இழக்காத ஒரே மனைவியும் அநேகமாக அவராகத்தான் இருந்திருப்பார். ஆல்பர்ட் 1861இல் இறந்த பிறகு ராணி நாற்பது ஆண்டு கறுப்பு உடுத்தினார். ஊரெல்லாம் துக்க நகை. இறந்தவரின் தலைமுடியைப் பின்னி மோதிரத்துக்குள் வைத்துப் படிகத்தால் மூடினார்கள். நகைக்காரர்கள் தந்த முடிக்குப் பதில் வேறு முடியை வைத்துவிடுவார்கள் என்ற பயம் பரவலாக இருந்தது. அதனால் பெண்கள் வீட்டிலேயே முடி பின்னக் கற்றுக்கொண்டார்கள். அதற்கென்று கையேடுகள் விற்றன. குழந்தையின் முடியை மேசையில் பரப்பி, தானே பின்னி, தானே அணிந்துகொண்ட மோதிரம். சட்டம் என்ன சொன்னாலும் அது தாயுடையதுதான் என்று தோன்றுகிறது. கடனுக்காக யாரும் அதை எடுத்துப்போயிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சட்டத்தை மாற்றியவர்கள் அந்தக் காலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பார்பரா லீ ஸ்மித், பின்னாளில் பார்பரா போடிஷான், 1854இல் பெண்களைப் பற்றிய சட்டங்களைச் சாதாரண மொழியில் சுருக்கி ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1856இல் மணமான பெண்களின் சொத்துரிமைக்காகச் சுமார் 26,000 கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு போனது. 1870இல் மனைவியின் கூலி மனைவிக்கே என்று பாதிச் சட்டம் வந்தது. மிலிசென்ட் ஃபாசெட் தன் வாழ்வில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். ரயில் நிலையத்தில் அவர் கையிலிருந்த பணப்பையை ஒருவன் திருடினான். பிடிபட்டவன்மேல் எழுதிய குற்றச்சாட்டில், திருடப்பட்டது ஹென்றி ஃபாசெட்டின் சொத்து என்றிருந்தது. ஹென்றி அவருடைய கணவர். தன்மேலேயே திருட்டுக் குற்றம் சாட்டியதுபோல் இருந்தது என்று மிலிசென்ட் பின்னர் நினைவுகூர்ந்தார். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளவும் விற்கவும் எழுதிவைக்கவும் முடிந்தது. ஜார்ஜியன், விக்டோரியன் என்று பிரிப்பதற்குப் பதில் 1882க்கு முந்திய மோதிரம், பிந்திய மோதிரம் என்று பிரித்தால் எனக்குப் புரியும்.

நான்கு ஆண்டு கழித்து, 1886இல், அமெரிக்காவில் டிஃபனி நிறுவனம் ஆறு மெல்லிய உலோகக் கால்கள் வைரத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தும் மோதிரத்தை அறிமுகப்படுத்தியது. கல் வளையத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும், எல்லாப் பக்கமும் வெளிச்சம். தென்னாப்பிரிக்காவில் 1860களின் இறுதியிலிருந்து வைரம் குவிய, அதைக் காட்டுவதற்கு ஏற்ற வடிவம் கிடைத்துவிட்டது. கலையாகப் பார்த்தால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மோதிரத்தில் வளையம் வெறும் தாங்கி. எழுத்து இல்லை, முடி இல்லை, சாவி இல்லை. பார்ப்பவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான், கல் எவ்வளவு பெரிது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாட்டினம் வந்து சரிகைபோல் நுணுக்கமான வேலைப்பாடு சாத்தியமானது. 1920களில் நேர்கோடுகளும் கோணங்களும் கொண்ட ஆர்ட் டெகோ வந்தது. நடுவில் ஒற்றைக் கல் என்பது மட்டும் மாறவில்லை.

ஒற்றைக் கல் ஏன் அமெரிக்காவில் அவ்வளவு வேரூன்றியது என்பதற்கு டி பியர்ஸ் நிறுவனத்தின் விளம்பரத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். வைரம் என்றென்றைக்கும் என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை 1947இல் எழுதியவர் ஃபிரான்செஸ் ஜெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் சட்டப் பொருளாதாரம் ஆராய்ந்த மார்கரெட் பிரினிக் 1990இல் வேறொரு காரணத்தைச் சொன்னார். அதற்குமுன் நிச்சயம் செய்துவிட்டுக் கைவிட்ட ஆணின்மேல் பெண் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். நிச்சயமான பிறகு உறவு கொள்வதும், கைவிடப்பட்டால் 'கெட்டுப்போனவள்' என்று வேறு மாப்பிள்ளை கிடைக்காமல் போவதும் நடைமுறையாக இருந்த சமூகம் அது. 1935இலிருந்து ஒவ்வொரு மாநிலமாக இந்த வழக்குரிமையை ஒழித்தன. பணம் பறிக்கும் பெண்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒழித்தவர்கள் சொன்ன நியாயம். (இந்த நியாயத்தை நாம் எங்கேயும் கேட்கிறோம்.) நீதிமன்றக் கதவு மூடிய பிறகு பெண்ணிடம் இருந்த ஒரே பிணை விரலில் இருந்த வைரம். விலை அதிகமாக இருந்தால் விட்டுப்போகத் தயங்குவான், போனாலும் கையில் ஏதோ மிஞ்சும். விளம்பரம் தீவிரமாவதற்கு முன்பே வைரத்தின் தேவை ஏறத் தொடங்கியிருந்ததை பிரினிக் எடுத்துக்காட்டினார். விளம்பரத்தின் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல் பெரிதானதற்குப் பெண்களின் பேராசை காரணம் என்று சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லிவைக்கலாம்.

ஆணுக்கும் நிச்சயதார்த்த மோதிரம் விற்க அமெரிக்க நகைக்கடைகள் 1920களில் முயன்றன. எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கணவன்மார் போர்முனைக்குப் போனபோதுதான் ஆண்கள் கல்யாண மோதிரம் அணிவது அங்கே பரவலானது.

இங்கிலாந்து 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த வழக்குரிமையை ஒழித்தபோது, நிச்சயதார்த்த மோதிரம் முழுமையான அன்பளிப்பாகவே கருதப்படும் என்றும் எழுதிவைத்தது. திருமணம் நடக்காவிட்டால் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாகக் கொடுத்தவர் நிரூபித்தாலொழிய, அது அவளுடையது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் வேறு திசையில் போயின. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், திருமணம் நடக்காவிட்டால் யார் தவறு என்று பார்க்கவே தேவையில்லை, மோதிரம் கொடுத்தவருக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் மோதிரம் 70,000 டாலர் விலையுள்ளது, டிஃபனியில் வாங்கியது. நிச்சயத்தை முறித்தது ஆண்தான்.

நம் நாட்டில் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்திரீதனம் பெண்ணுக்கே முழு உரிமையானது, கணவனும் அவன் வீட்டாரும் அதை வைத்திருந்தாலும் பொறுப்பாளர்கள் மட்டுமே, திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று சொன்னது. பாட்டியின் ரசீதுகளில் கடைசியானது அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தியது.

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற மோதிரத் தொகுப்பு எட்மண்ட் வாட்டர்டன் என்ற செல்வந்தர் சேர்த்தது. கடனில் மூழ்கி அவர் எழுநூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்களை ஒரு நகை வணிகரிடம் அடகு வைத்தார். மீட்க முடியவில்லை. 1871இல் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இதைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். சிரித்தார்.

அம்மா அந்த மோதிரத்தை அணிய ஆசைப்பட்டார். கல் மங்கிவிட்டதால் பத்தரிடம் கொடுத்து ஓப்பன் செட்டிங்காக மாற்றச் சொன்னோம். அவர் விளிம்பை நெம்பிக் கல்லை எடுத்தார். அடியில் இருந்த தகடு கரியாகியிருந்தது, ஓரமெல்லாம் அழுக்கும் சோப்பும் இறுகிக் கிடந்தன. பாத்திரம் தேய்க்கும்போதுகூடக் கழற்றியிருக்க மாட்டார்கள் போல, கழற்றிவைத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் பளிச்சென்று இருந்திருக்கும் என்றார் பத்தர். கழற்றிவைத்தால் அது எங்கே போகும் என்று பாட்டிக்குத் தெரியும் என்றார் அம்மா.